பென்சில் நுழைந்தால் எலி நுழையும்

(நமது முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. மேடையில் பேசியதை அப்படியே எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால், பேச்சு வாடை ஆங்காங்கே அடிக்கும். பொறுத்தருள வேண்டுகிறேன்.)



சங்கச் செயலாளர் என் வகுப்புத் தோழர். ரெண்டு மாசத்துக்கு முன்னால் போன் பண்ணினார். "டேய், உனக்கு இருபது நிமிஷம். அமெரிக்காவுல என்ன சாதிச்சேன்னு பேசு. பசங்களுக்கு ஊக்கமா இருக்கணும்" என்றார். நானும் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். சாதனை என்று ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் ஒரு தோல்வி அகப்பட்டது. இருபது கிராம் எடை உள்ள ஓர் எலியிடம் நான் தோற்ற கதை அது. அதைத்தான் சொல்லப் போகிறேன். (சிரிப்பு)

ஹாஸ்டல் நண்பர்களுக்கு எலி புதிதல்ல. மறுநாள் காட்ட வேண்டிய மெஷின் டிராயிங் ஷீட்டின் நடுவில் எலி கடித்து வைக்க, அதை அப்படியே கொண்டுபோய் நீட்டியவன் இதோ முதல் வரிசையில் இருக்கிறான். "என்னப்பா, செக்‌ஷனல் வியூவா?" என்று சார் கேட்டதும் அவனுக்கு நினைவிருக்கும். அந்த எலியை நாம் சிரித்து மறந்துவிட்டோம். நான் சொல்லப் போகும் எலியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வராது.

நான் குடியிருப்பது நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்பகர்க்கி என்னும் ஊரில். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரம். பாலைவனம்தான், ஆனால் குளிர்காலத்தில் பனி விழும் பாலைவனம். ஊருக்குக் கிழக்கே சாண்டியா மலை. அந்த மலையடிவாரத்தில் எங்கள் வீடு. 2011-இல் பழைய கேம்பர்வேன் ஒன்று வாங்கினேன். மாணவர்களுக்காகச் சொல்கிறேன்: நம்ம ஊர் மெட்டடார் வேன் மாதிரி ஒரு வண்டி. உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சின்ன அலமாரி. குளிர் தாங்குவதற்காக வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே பஞ்சு அடைத்திருப்பார்கள். கோடைக்காலம் முழுக்க வண்டியிலேயே மலை மலையாகச் சுற்றலாம். என் மனைவி ரசப்பொடி, பருப்புப்பொடி, அரிசி எல்லாம் அதிலேயே வைத்திருப்பார். நவம்பர் வந்தால் தண்ணீரை வடித்துவிட்டு, வீட்டு ஓரமாக நிறுத்திவிடுவோம். மார்ச் வரை வண்டிக்கு ஓய்வு.

2013 மார்ச் 16, சனிக்கிழமை. நாலு மாதம் கழித்து வண்டியின் கதவைத் திறந்தேன். மூத்திர வாடை குப்பென்று அடித்தது. அரிசிப் பையில் ஓட்டை. டிஷ்யூ பேப்பர் சுருள் பஞ்சு பஞ்சாகக் கிழிந்து கிடந்தது. அடுப்புக்குக் கீழே, அலமாரியில், தலையணை மேலே, எங்கே பார்த்தாலும் கறுப்பு எள் தூவியது போலப் புழுக்கை. என் அம்மா தன் பழைய நூல் புடவைகளை அடுக்கித் தைத்துக் கொடுத்த போர்வை ஒன்று கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதன் நடுவில் ஓட்டை போட்டு, அழகாகக் கூடு கட்டியிருந்தது எலி.

அம்மா 2009-இல் காலமாகிவிட்டார். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லவா வேண்டும்? "இரு, உன்னை ஒரு வழி பண்றேன்" என்று விளக்குமாற்றை எடுத்தேன். என் மகளுக்கு அப்போது 12 வயது. "அப்பா, நானும் வரேன்" என்று அவளும் ஒரு சின்ன விளக்குமாற்றோடு உள்ளே ஏறினாள். வெளியே காற்று அடித்ததால் கதவையும் சாத்திக்கொண்டோம். அரை மணி நேரம் பெருக்கினோம். பெருக்கினோம் என்றால் சாதாரணப் பெருக்கல் இல்லை. புழுதி பறக்க, தும்மத் தும்ம. கூட்டை அவள்தான் கையால் எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டாள். பிறகு போர்வையை வெளியே கொண்டுபோய் நான் உதறினேன்.

உதறிக்கொண்டிருக்கும்போது பக்கத்து வீட்டு அம்மையார் வேலியருகே வந்தார். முப்பது வருஷம் மருத்துவமனையில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் மாறியது. "முகமூடி போட்டிருந்தீர்களா? ஈரப்படுத்தினீர்களா? குழந்தையும் உள்ளே இருந்தாளா?" மூன்று கேள்வி. முதல் இரண்டுக்கு இல்லை, மூன்றாவதுக்கு ஆமாம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இந்த ஊருக்கு நீங்கள் எந்த வருஷம் வந்தீர்கள்?" என்றார். 1998 என்றேன். "அப்படியானால் 1993 உங்களுக்குத் தெரியாது" என்றார்.

அந்த 1993 கதையை நான் உங்களுக்கும் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மே மாதம், நியூ மெக்சிகோவில் நவஹோ பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞர், நல்ல ஓட்ட வீரர், திடீரென்று மூச்சுத் திணறி இறந்தார். அவரை மணக்கவிருந்த பெண் சில நாள் முன்னால்தான் அதே போல் இறந்திருந்தார். சுற்றுவட்டாரத்தில் விசாரித்தால், திடகாத்திரமான இளம் வயதினர் இன்னும் சிலர் இப்படியே போயிருக்கிறார்கள். முதலில் ஃப்ளூ காய்ச்சல் போல, பிறகு நுரையீரலில் நீர் கோத்து, ஓரிரு நாளில் முடிவு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்து விஞ்ஞானிகள் வந்து சில வாரங்களிலேயே காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஹான்டா வகையைச் சேர்ந்த ஒரு புதிய வைரஸ். சுமந்து வந்தது மான் எலி என்று அங்கே பெயர் சொல்லும் ஒரு சின்ன எலி. மேலே பழுப்பு, வயிறும் பாதமும் வெள்ளை, பெரிய கண். பார்க்க அழகாகவே இருக்கும். அதற்கு நோய் வராது. ஆனால் அதன் மூத்திரம், புழுக்கை, எச்சில் மூன்றிலும் வைரஸ் இருக்கலாம். காய்ந்த புழுக்கையைக் கிளறினால் தூசியோடு மூச்சில் போய்விடும்.

அந்த வருஷம் மட்டும் ஏன்? பல வருட வறட்சிக்குப் பிறகு பனியும் மழையும் கொட்டின. பின்யோன் என்னும் பைன் மரக் கொட்டை ஏராளமாகக் காய்த்தது. தீனி பெருகியது, எலியும் பல மடங்கு பெருகியது. ஊர்ப் பெயரை நோய்க்கு வைத்துவிடாதீர்கள் என்று அந்த வட்டார மக்கள் எதிர்த்ததால், கடைசியில் அந்த வைரஸுக்கு "சின் நோம்ப்ரே" என்று பெயரிட்டார்கள். ஸ்பானிய மொழியில் "பெயரில்லாதது" என்று பொருள். பெயரில்லாத அந்த நோய் வந்தவர்களில், பத்துக்கு மூன்று நான்கு பேர் பிழைப்பதில்லை. அதைக் கொல்ல என்று தனி மருந்தும் கிடையாது. மூச்சைத் தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான்.

இதெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. நான் வண்டியைப் பெருக்கியதற்கு முந்தின கோடையில், 2012-இல், கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போன 10 பேருக்கு இந்த நோய் வந்து, 3 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தங்கியது இரட்டைச் சுவர்க் கூடாரங்களில். இரண்டு சுவருக்கும் நடுவே வைத்த குளிர்காப்புக்குள் எலி கூடு கட்டியிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. இரட்டைச் சுவர், நடுவே பஞ்சு. என் வேனும் அதே கட்டுமானம்தானே!

வைரஸ் உடம்புக்குள் போயிருந்தால், ஒரு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் காய்ச்சல் காட்டும். ஆகவே எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். வேறு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காலண்டரில் மே 11-ஆம் தேதியை என் மனைவி வட்டம் போட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தினமும் காலையில் மகளுக்குத் தெர்மாமீட்டர் வைப்பார், பிறகு அதைக் கழுவி எனக்கும் நீட்டுவார். அவ்வளவுதான்.

நண்பர்களே, நான் வேலை பார்த்தது ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில். பதினைந்து வருஷமாகப் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம், "தெரியாத பொருளைத் தொடும் முன் கேள்" என்பது. அதைச் சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவன், ஒரு விளக்குமாற்றை எடுக்கும் முன் யாரையும் கேட்கவில்லை. நம்ம ஊரில் எலிப்புழுக்கையைப் பெருக்கித் தள்ளாத வீடு உண்டா? அந்தப் பழக்கத்தில் செய்தேன். ஊர் மாறினால் எலியும் மாறும் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நாள், ஏப்ரல் 4. பள்ளியிலிருந்து திரும்பியவள், "அப்பா, கால் வலிக்குது, முதுகு வலிக்குது" என்று படுத்தாள். தொட்டால் சுட்டது. 102 டிகிரி. இந்த நோயின் ஆரம்பக் குறியும் அதேதான். காய்ச்சல், தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் வலி. நான் வண்டி ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போன அந்த இருபது நிமிஷத்தைப் பற்றி எனக்குப் பேசத் தெரியவில்லை. பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு என் மனைவி கந்த சஷ்டிக் கவசம் சொல்லிக்கொண்டு வந்தார்.

எலி என்று சொன்னதுமே டாக்டர் உடனே உள்ளே அழைத்தார். அந்த ஊர் டாக்டர்களுக்கு அது விளையாட்டுச் சமாசாரம் இல்லை. இரத்தத்தில் பிளேட்லெட் எண்ணிக்கை பார்த்தார்கள். அந்த நோயென்றால் அது இறங்கும். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்கில் குச்சி விட்டுச் சோதித்தார்கள். மூன்று மணி நேரம். பிறகு டாக்டர் வந்து, "ஃப்ளூ காய்ச்சல்தான். வகுப்பில் யாரிடமிருந்தாவது ஒட்டியிருக்கும். பிளேட்லெட் சரியாக இருக்கிறது. இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம்" என்றார். சாதாரண ஃப்ளூவுக்கு ஒரு தகப்பன் அவ்வளவு சந்தோஷப்பட்டு அந்த டாக்டர் பார்த்திருக்க மாட்டார். மே 11-ஆம் தேதி என் மனைவி பாயசம் வைத்தார். அதோ மூன்றாவது வரிசையில் பச்சை நிற உடையில் உட்கார்ந்துகொண்டு, "இதையெல்லாம் ஏம்ப்பா மேடையில சொல்றே" என்பது போல் பார்க்கிறாளே, அவள்தான். (கைதட்டல்)

சரி, இனி பொறியாளனாகப் பேசுகிறேன். மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் சுத்தம் செய்யும் முறை. பக்கத்து வீட்டு அம்மையார் சொல்லிக்கொடுத்தது. வண்டியின் எல்லாக் கதவையும் ஜன்னலையும் திறந்து, குறைந்தது அரை மணி நேரம் தள்ளிப் போய்விட வேண்டும். பிறகு ரப்பர் கையுறை, முகமூடி. திரவ பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து, புழுக்கை மேலும் கூட்டின் மேலும் சொட்டச் சொட்டத் தெளித்து, ஐந்து நிமிஷம் ஊற விட வேண்டும். பிறகு காகிதத் துண்டால் துடைத்து எடுத்து, இரட்டைப் பையில் கட்டிப் போட வேண்டும். விளக்குமாறு கூடாது, வேக்குவம் கிளீனர் அறவே கூடாது. சூத்திரம் ஒன்றுதான்: தூசி எழும்பக் கூடாது. அம்மாவின் போர்வையைக் கடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைச் சூடான சோப்புத் தண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டோம். பாதிப் போர்வை இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அடுத்தது, எலி எப்படி உள்ளே வந்தது? இங்கேதான் நம் கல்லூரி எனக்குக் கைகொடுத்தது. மெட்ராலஜி லேபில் கோ கேஜ், நோ-கோ கேஜ் என்று இரண்டு முனை உள்ள கருவி கொடுப்பார்களே, நினைவிருக்கிறதா? அளவெடுக்கத் தேவையில்லை. ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது. அவ்வளவுதான் பரிசோதனை. எங்கள் இன்ஸ்ட்ரக்டர் சொல்வார், "அளக்காதே தம்பி, நுழையுதான்னு பாரு" என்று. சின்ன எலிக்குத் தலை நுழையும் ஓட்டை போதும். கால் அங்குலம், ஏறத்தாழ 6 மில்லிமீட்டர். மண்டை நுழைந்தால் உடம்பை நசுக்கிக்கொண்டு வந்துவிடும். சாதாரணப் பென்சில் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் தடிமன். ஆகவே என் நோ-கோ கேஜ் ஒரு பென்சில். பென்சில் நுழைந்தால் எலி நுழையும்.

இரவில் வண்டிக்குள் பிரகாசமான விளக்கைப் போட்டுவிட்டு, கோணியை விரித்து வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். அடேயப்பா! தீபாவளி போல ஒளிப்புள்ளிகள். ஒவ்வொன்றிலும் பென்சிலை விட்டுப் பார்த்து, சாக்பீஸால் குறி போட்டேன். பதினோரு ஓட்டை. நான் அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து மேலேயே பார்த்திருக்கிறேன். எலியோ கீழேயிருந்து பார்த்திருக்கிறது.

முக்கியமான இடங்களைச் சொல்கிறேன். பாத்திரம் கழுவும் தொட்டியின் கழிவுக் குழாய் தரையைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடம். குழாய் ஒன்றரை அங்குலம், துளை இரண்டு அங்குலம். இடைவெளியில் யாரோ நுரை அடைத்திருந்தார்கள். எலிக்கு நுரை கேக் மாதிரி. அதுதான் தலைவாசல். அடுத்து, வெளி மின்சார ஒயர் நுழையும் மூடி. காஸ் குழாய் நுழையும் இடம். கிளட்ச், பிரேக் பெடலுக்குப் பின்னால் ஒயர்கள் போகும் துளை. முன் கண்ணாடிக்குக் கீழே வெளிக்காற்று உள்ளே வரும் வழி. பின் பம்பருக்கு உள்ளே இருக்கும் காற்றுப்போக்கி மடல். கதவு ரப்பர் கிழிந்த ஒரு மூலை.

அடைப்பதற்குத் துருப்பிடிக்காத எஃகு நார் அல்லது செம்புக் கம்பி வலை. பாத்திரம் தேய்க்கும் சாதாரண இரும்பு நார் ஒரே மழைக்காலத்தில் துருவாகிக் கொட்டிவிடும். நாரை இறுக்கித் திணித்து, மேலே சிலிகான் பசை பூச வேண்டும். பெரிய துளைக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள கம்பி வலையை வெட்டி, ஸ்குரூ போட வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லா ஓட்டையும் அடைக்கும் ஓட்டை அல்ல. காஸ் சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள். காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழே இறங்கி வெளியேற வேண்டும். உற்சாகத்தில் அதை அடைத்துவிட்டால், எலியிடமிருந்து தப்பி வெடித்துச் செத்துப் போவோம். அங்கே கம்பி வலை மட்டும், அதுவும் காற்று தாராளமாகப் போகும்படி. ஹீட்டர் புகைபோக்கியும் அப்படியே. ஓட்டை எதற்காக இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பிறகு அடை.

அடைத்தால் மட்டும் போதாது, அழைப்பதையும் நிறுத்த வேண்டும். அரிசி, பருப்பு, ரசப்பொடி மட்டுமல்ல, சோப்பு, மெழுகுவர்த்தி, டிஷ்யூ பேப்பர் எல்லாம் இப்போது நவம்பரிலேயே வீட்டுக்குள் வந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பறவைகள் வரட்டும் என்று நான் ஆசையாக ஒரு தீனிக்கூடு தொங்கவிட்டிருந்தேன், வண்டியிலிருந்து மூன்று மீட்டர் தூரத்தில். பகலில் குருவி சிந்தியதை இரவில் எலி பொறுக்கியிருக்கிறது. பந்தியும் போட்டு, பக்கத்திலேயே மெத்தையோடு சத்திரமும் கட்டிக்கொடுத்தவன் நானேதான். எலியைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இனி பலிக்காத வைத்தியங்கள். புதினா எண்ணெய் வைத்தேன். வண்டி மணமாக இருந்தது, எலியும் இருந்தது. காதுக்குக் கேட்காத ஒலி எழுப்பி எலியை விரட்டும் என்று ஒரு மின்கருவி வாங்கினேன். அதன் மேலேயே புழுக்கை கிடந்தது. பிறகுதான் படித்தேன், ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்வதாக அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களையும் வியாபாரிகளையும் எச்சரித்திருக்கிறது. அந்துருண்டை போட்டால் அதன் ஆவியை நாம்தான் சுவாசிக்க வேண்டும். விஷம் வைத்தால் எலி சுவருக்குள் போய்ச் செத்து, கோடை முழுக்க நாறும். அந்த எலியைத் தின்ற ஆந்தையும் சாகலாம். எலியை இயற்கையாகக் குறைக்கிற நண்பன் ஆந்தை.

பலித்தது பழைய மரப்பலகை எலிப்பொறி. நம்ம ஹாஸ்டலில் மசால்வடை வைப்போம். அங்கே வேர்க்கடலை வெண்ணெய் வைக்கிறார்கள். அதுவும் கடலைதான், பெரிய வித்தியாசமில்லை. சுவரோரமாக, இரை வைத்த முனை சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். எலி நடுக்கூடத்தில் நடக்காது, சுவரை உரசிக்கொண்டுதான் ஓடும். வாரம் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பொறியில் எலி விழுந்தால் அது வெற்றி அல்ல. எங்கேயோ ஓட்டை விட்டுவிட்டாய் என்று எழுதி வைத்த சீட்டு அது.

எலி வருகிறதா என்று பார்க்கத் தரையில் மாவு தூவிக் கால்தடம் பார்க்கலாம் என்று யோசித்தேன். கோலமாவை எடுத்தேன். என் மனைவி, "ஏங்க, அரிசி மாவுல கோலம் போட்டா அது சாப்பிட வராதா? முகத்துக்குப் போடற பவுடரைத் தூவுங்க" என்றார். தரக்கட்டுப்பாட்டு அதிகாரி யார் என்று அன்றைக்கே வீட்டில் முடிவாகிவிட்டது. (சிரிப்பு)

முதல் குளிர்காலத்தில் பொறியில் இரண்டு விழுந்தன. தேடினால், கதவு ரப்பரின் அந்த மூலை. மாற்றினேன். அடுத்த குளிர்காலத்தில் பவுடர் மேல் ஒரு தடம்கூட இல்லை. அதற்குப் பிறகு வருடா வருடம் நவம்பர் முதல் வாரத்தில், விளக்கு, கோணி, பென்சில் மூன்றோடும் வண்டிக்கடியில் படுப்பது எனக்கு ஆயுத பூஜை மாதிரி.

உடன் வருபவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்பதற்கு இன்னும் இரண்டு செய்தி. எங்கள் பாலைவனத்தில் பேக்ராட் என்று ஒரு பெரிய எலி. அது என்ஜினுக்குள் கள்ளிமுள்ளைக் கொண்டுவந்து குவித்து வீடு கட்டும், ஒயரையும் கடிக்கும். இருட்டுதான் அதற்குப் பிடிக்கும் என்பதால், அங்கே பலர் இரவில் பானெட்டைத் திறந்தே வைப்பார்கள். கலிபோர்னியாவில் மினரல் கிங் என்ற மலைப் பள்ளத்தாக்கில் மார்மட் என்னும் கொழுத்த பிராணி ரேடியேட்டர் ஹோஸைக் கடித்துக் குளிர்திரவத்தைக் குடிக்கும். அங்கே போகிறவர்கள் வண்டியின் அடியோடு சேர்த்துத் தார்ப்பாய் போட்டுக் கட்டிவைக்கிறார்கள். ஆளுக்கு ஆள் ருசி வேறு. முறை ஒன்றுதான்: வழியை மறி.

"உங்க ஊர் எலி, எங்களுக்கென்ன?" என்று மாணவர்கள் நினைக்கலாம். 1964-இல், நம்ம வேலூரில் தோட்டப்பாளையம் பகுதியில் பிடித்த ஒரு மூஞ்சுறுவிலிருந்து ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அதற்குத் தோட்டப்பாளையம் வைரஸ் என்றே பெயர். அது ஹான்டா குடும்பத்தைச் சேர்ந்தது என்று பிற்பாடு தெரிந்தது. 1993-இல் அமெரிக்காவை நடுங்க வைத்த வைரஸுக்கு நம்ம ஊரில் ஒரு தூரத்து உறவு உண்டு. அதைவிட, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வரும் எலிக்காய்ச்சலை நாம் ஒவ்வொரு மழைக்காலத்திலும் பார்க்கிறோம். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து பூட்டிய அறையைத் திறக்கும்போது, உடனே விளக்குமாற்றை எடுக்காதீர்கள். ஜன்னலைத் திறங்கள். ஈரப்படுத்துங்கள். துடையுங்கள். நிறுத்திவைத்த ஸ்கூட்டரிலோ காரிலோ ஒயர் கடிபட்டிருந்தால், மெக்கானிக்கிடம் ஒயரை மாற்றச் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். எங்கே நுழைந்தது என்று ஒரு பென்சிலோடு தேடுங்கள்.

2025 பிப்ரவரியில், எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள சான்டா ஃபேயில், ஜீன் ஹேக்மன் என்ற புகழ்பெற்ற நடிகரின் மனைவி பெட்சி அரக்காவா இதே ஹான்டா நோயால் இறந்தார். பிறகு சுகாதாரத் துறையினர் போய்ப் பார்த்தபோது, அந்த வளாகத்துக் கொட்டகைகளில் எலிப்புழுக்கைகள் இருந்தன. வசதிக்குக் குறைவில்லாத வீடு. அந்தச் செய்தியைப் படித்த அன்று இரவு, எனக்கும் என் மனைவிக்கும் ஒரே நினைவுதான். 2013 ஏப்ரலில் எங்களுக்கு வந்த பதில் வேறு மாதிரி வந்திருக்கலாம். நாங்கள் கெட்டிக்காரர்களாக இருந்ததால் அவள் தப்பவில்லை. அதிர்ஷ்டத்தால் தப்பினாள். கெட்டிக்காரத்தனம் பிறகுதான் வந்தது, அதுவும் பக்கத்து வீட்டார் தந்தது.

செயலாளர் மணியைக் காட்டுகிறார். முடித்துக்கொள்கிறேன். சாதனையைப் பேசச் சொன்னார்கள். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கல்லூரியில் ஒரு லேபில் கற்றுக்கொண்டதை, தேவைப்பட்ட நாளில் நான் மறந்திருந்தேன். அடிபட்ட பிறகு நினைவுக்கு வந்தது. நீங்கள் அடிபடாமலே நினைவில் வைத்துக்கொண்டால், அதுவே இந்த உரைக்குக் கிடைத்த மாலை.

"நுழையுதான்னு பாரு" என்று சொல்லிக்கொடுத்த அந்த இன்ஸ்ட்ரக்டர் அவர்களுக்கு, அவர் இன்று நம்மிடையே இல்லை, என் நன்றி.